நாலாவது நிமிடத்து வித்-அவுட்

அத்தியாயம் 9

சரியாக நாலு மணிக்கு அந்தப் பெண்ணின் கையெழுத்து செல்லாமல் போய்விடும் என்பதை டைரக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தபோது அவர் தலையும் சேர்ந்து மின்னியது. முழு வழுக்கை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு என் கண்ணில் அடித்தது. என் வகிடு கலைந்திருக்கிறதா என்று அதிலேயே ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

மணி அப்போது பதினொன்றரை.

"மூணு பேர் கமிட்டி வருது. ரிப்போர்ட்டைப் பார்ப்பாங்க, இவங்களோட அங்கீகாரத்தை ரத்து பண்ணுவாங்க. அப்புறம் இவங்க எந்த லேப்லயும் எந்த ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போட முடியாது. எனக்கும் வருத்தம்தான்," என்ற டைரக்டர், வருத்தத்தோடு தலையைத் தடவிக்கொண்டார்.

'இவங்க' என்று அவர் சுட்டிய கெமிஸ்ட் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பரிசோதனைக் கூடத்தில் எண்ணெய்களையும் கொழுப்புகளையும் பிரித்துப் பார்க்கிறவள். இப்போதைக்கு எங்கள் கட்சிக்காரி.

எங்கள் என்றால் என் அண்ணியும் நானும். அண்ணி இருபத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு தையல்கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்தவர். நிறுவனத்தில் மொத்தம் இரண்டே பேர். மூளை அவர். மிச்சம் மீதி எல்லாம் நான். கொழுந்தனை வேலைக்கு வைத்தால் லீவு கேட்க மாட்டான் என்பது என் அண்ணன் கொடுத்த ஐடியா. அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"சுருக்கமா சொல்லுங்க சார்," என்றார் அண்ணி. "என் கொழுந்தனுக்கு நீளமா சொன்னா தூக்கம் வந்துடும்."

டைரக்டர் விரல் மடக்கினார். ஒரு மில்லிலிருந்து கடலை எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். இரண்டு பாட்டிலில் ஊற்றி இரண்டுக்கும் சீல் வைத்திருக்கிறார்கள். முதல் பாட்டிலைப் பரிசோதித்த கெமிஸ்ட், 'கடலை எண்ணெயில் பாதிக்கு மேல் மலிவு பாமாயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மில் முதலாளி குதித்தார். போன வாரம் இரண்டாவது பாட்டிலைத் திறந்தார்கள். அது அப்பழுக்கில்லாத கடலை எண்ணெய்.

"ஒரே டின்ல இருந்து ஊத்தின ரெண்டு பாட்டில். ஒண்ணு கலப்படம், ஒண்ணு சுத்தம். அப்ப யார் பொய்?" என்றார் டைரக்டர்.

"ரெண்டாவது பாட்டிலைத் திறந்தது யாரு?"

"ஆபரேட்டர். கேமரா முன்னாடி. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன். பாட்டிலை விரலால கூடத் தொடலை. நாளைக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசிடக் கூடாது பாருங்க. ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேன்."

பேசிக்கொண்டே ஒரு பாக்கெட்டைக் கிழித்து எலுமிச்சைப் பொடியைத் தண்ணீர் பாட்டிலில் கொட்டினார். பாட்டில் வாயைக் கட்டைவிரலால் பொத்திக் கலகலவென்று குலுக்கிக் குடித்தார். மூடி மேஜையிலேயே, அவர் முழங்கைக்குப் பக்கத்தில், அநாதையாகக் கிடந்தது.

"பொய் சொன்னது நான் இல்ல," என்றாள் கெமிஸ்ட். சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனால் அவள் கை நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை.

போன் அடித்தது. டைரக்டர் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் நாற்காலி ஆளில்லாமல் இருந்தது. கறுப்புத் தோல், உயர்ந்த முதுகு, சுற்றும் வசதி. எனக்குக் கை கால் சும்மா இருக்காது. போய் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு சுற்று சுற்றினேன்.

"எழுந்திரு," என்றார் அண்ணி.

"அண்ணி, நம்ம ஆபீஸுக்கு இப்படி ஒண்ணு..."

"முதல்ல வாடகை கட்டுவோம். எழுந்திரு."

எழுந்தேன். அந்த ஒரு சுற்றுக்காக எனக்கு ஒரு மாலையும் பொன்னாடையும் போட்டிருக்க வேண்டும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

* * *

ஆபரேட்டர் ஓய்வு பெற எட்டு மாதமே பாக்கி இருக்கிற மனிதர். மனைவியைக்கூட இவ்வளவு மரியாதையாகப் பேசியிருப்பாரா என்று தெரியாது. எண்ணெய்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தை 'இவங்க' என்றுதான் சொன்னார்.

பார்க்க ஒன்றுமில்லை. நாலு வெள்ளைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் பேனா நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய்.

"விஷயமே இந்தக் குழாய்லதான் இருக்கு. உள்ளே நெருக்கமா பொடி அடைச்சிருக்கு. கரைப்பானோட சேர்த்து நம்ம சாம்பிளைத் தள்ளுவோம். சில கொழுப்பு அமிலம் பொடியோட ஒட்டிக்கிட்டு மெதுவா வரும், சிலது ஒட்டாம சீக்கிரம் வெளிய வந்துடும். வர்ற நேரத்தை வெச்சே யாருன்னு சொல்லிடலாம்."

"புரிஞ்சுது," என்றார் அண்ணி. "எல்லாரும் ஒரே ஸ்டேஷன்ல ஏறுறாங்க. அவங்கவங்க ஸ்டேஷன்ல இறங்குறாங்க."

ஆபரேட்டர் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது வருஷமா இதை நான் வகுப்பெடுக்கிறேன் மேடம். இவ்வளவு சுருக்கமா எனக்கு வரலை."

"ரெண்டு பேர் ஒரே ஸ்டேஷன்ல இறங்குறது உண்டா?"

"உண்டு. கடலை எண்ணெய்ல அதிகமா இருக்கிற ஒருத்தனும் பாமாயில்ல அதிகமா இருக்கிற ஒருத்தனும் தோளோட தோள் உரசிக்கிட்டுதான் இறங்குவாங்க. ரெண்டையும் ஒண்ணா எண்ணிட்டாங்கன்னுதான் டைரக்டர் இந்த மேடம் மேல குத்தம் சொல்றார். ஆனா மேடம் கரைப்பானை மெதுவா ஓட்டி, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டியிருக்காங்க. பாருங்க."

இரண்டு தாள்களை விரித்தார். முதல் பாட்டில், இரண்டாவது பாட்டில். கோடு தரையோடு ஓடி, திடீரென்று மேடாக எழுந்து, மறுபடி தரைக்கு வந்தது. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அண்ணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பெட்டியில் டிக்கெட் பார்த்துக்கொண்டு போகிறவர் மாதிரி இடமிருந்து வலமாக விரலை நகர்த்தினார். இரண்டாவது தாளில் விரல் நின்றது.

"இவங்க யாரு?"

நாலாவது நிமிடத்தில் கடுகளவு ஒரு மேடு. ஏழாவது நிமிடத்தில் இன்னொன்று. முதல் தாளில் இரண்டுமே இல்லை.

"டைரக்டர் 'இரைச்சல்'னு எழுதிட்டார்," என்றார் ஆபரேட்டர் தரையைப் பார்த்து.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"இரைச்சல்னா கோட்டுல சும்மா வர்ற நடுக்கம், ஒரு தடவை வரும், மறு தடவை வராது. நான் ரெண்டு தடவை ஓட்டினேன். ரெண்டு தடவையும் அதே இடம், அதே உசரம்." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏழாவது நிமிஷம் தேங்காய் எண்ணெய். நாலாவது நிமிஷம் ஆமணக்கு. மத்த கொழுப்பை விட ஆமணக்குக்குத் தண்ணியோட கொஞ்சம் ஒட்டுற குணம். அதனால குழாய்ல ஒட்டாம முதல் ஆளா ஓடி வந்துடும். கடலை எண்ணெய்ல ஆமணக்கு ஜென்மத்துக்கும் வராது."

அண்ணியின் கண்ணில் ஒரு பல்பு எரிந்தது. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் கழிப்பறைக் கதவைத் தட்டித் தட்டிப் பெற்ற வெளிச்சம்.

"வித்-அவுட்," என்றார். "டிக்கெட் இல்லாம ஜோடியா ஏறியிருக்காங்க. சீல் வெச்ச பாட்டிலுக்குள்ள. ஏத்தி விட்டவன் யாருன்னு தெரிஞ்சா கேஸ் முடிஞ்சுது. இன்னைக்கு எத்தனை சாம்பிள் ஓட்டலாம்?"

"கொழுப்பை உடைச்சு அமிலமாக்கணும். அதுக்கு ஒரு மருந்தைக் கோத்துவிடணும், இல்லைன்னா இவங்க கண்ணுக்கு அது தெரியாது. தயார் பண்ண முக்கால் மணி, ஓட்ட அரை மணி. நாலு மணிக்குள்ள மூணு. அதுக்கு மேல இவங்களை நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"மூணு போதும்."

"ஆமணக்கு எண்ணெய் எங்கே இருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணி," என்றேன். "கீழே வரவேற்பறைல ஒரு மீசை உட்கார்ந்திருக்கு."

* * *

மில் முதலாளியின் மீசையை மீசை என்று சொல்வது அதைக் குறைத்துப் பேசுவதாகும். இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கி, நுனியில் பளபளவென்று எண்ணெய்ப் பசையோடு நின்றது. கமிட்டி தனக்கு நீதி வழங்குவதைப் பார்க்கப் பதினொரு மணிக்கே வந்து நாற்காலி பிடித்துவிட்டார்.

"சார், பிஸ்கட் தூள்," என்றேன்.

"எங்கே?"

"மீசைல. இந்தப் பக்கம். அசையாதீங்க, அந்தக் கம்பீரம் கெட்டுடும்."

கம்பீரம் என்றதும் மனிதர் முகத்தை நீட்டிக் கொடுத்துவிட்டார். பஞ்சால் பதமாக ஒரு இழுப்பு. மறுபக்கமும் கேட்டால் கொடுத்திருப்பார்.

ஆபரேட்டர் பஞ்சைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காரத்தில் காய்ச்சி, கொழுப்பை உடைத்து, புகை உறிஞ்சும் கூண்டுக்குள் அந்த மருந்து பாட்டிலைத் திறந்தார். "தலையை உள்ளே விடாதீங்க," என்றார். விடாதீங்க என்றால் விடுவதுதானே மனித இயல்பு. விட்டேன். அடுத்த பத்து நிமிடம் நான் என் கல்யாணத்தன்றுகூட அழாத அழுகை அழுதேன்.

"ஏம்ப்பா, மீசைக்காக இவ்வளவு உருகுறே?" என்றார் அண்ணி.

ஒன்றேகாலுக்கு முடிவு வந்தது. நாலாவது நிமிடம்: தரை. ஏழாவது நிமிடம்: தரை. அதன் பிறகு எங்கேயோ கடைசியில் இரண்டு மேடு.

"தேன்மெழுகும் ஏதோ பசையும்," என்றார் ஆபரேட்டர். "ஆமணக்கு ஒரு சொட்டுக்கூட இல்ல."

என் நெஞ்சு புஸ்ஸென்று இறங்கியது. மூன்றில் ஒன்று காலி.

கெமிஸ்டோடு நாங்கள் வாசலுக்கு வரவும் டைரக்டர் எதிரே வரவும் சரியாக இருந்தது. கையில் அதே தண்ணீர் பாட்டில்.

"என்ன, துப்பு கிடைச்சுதா?"

"அந்த நாலாவது நிமிஷ மேடு இருக்கில்ல சார், அதைத்தான் துரத்திட்டு இருக்கோம். முதலாளி மீசைல இருந்து வந்திருக்குமோன்னு பார்த்தோம். இல்ல," என்றார் அண்ணி, பாவம் போல.

டைரக்டர் குலுங்கிச் சிரித்தார். "ஆமணக்கெண்ணெய்க்கு மீசை வரைக்கும் ஏம்மா போறீங்க? லிப்ஸ்டிக்ல பாதி அதுதானே. உங்க கட்சிக்காரங்க உதட்டைப் பாருங்க. அன்னைக்கு சீல் வெச்சதே அவங்கதான்."

அவர் போய்விட்டார். நான் திரும்பிக் கெமிஸ்டின் உதட்டைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அழகான செம்மண் நிறம்.

"தம்பி, அவர் சொன்னதை அப்படியே ஞாபகம் வெச்சுக்கோ," என்றார் அண்ணி மெதுவாக. பிறகு கெமிஸ்டிடம் கை நீட்டினார். "உன் லிப்ஸ்டிக்கைக் கொடும்மா."

"என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"நான் படலை. நாலு மணிக்கு அவங்க படுவாங்க. அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நம்ம கேட்டுடணும்."

 அவள் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். "ஓட்டுங்க. என் கை பட்டுதான் வந்ததுன்னா, நானும் தெரிஞ்சுக்கணும்," என்றாள்.

அந்த ஒன்றேகால் மணி நேரம் நரகம். அவள் நகத்தைக் கடித்தாள். நான் அவளுக்காக வாங்கி வந்த பிஸ்கட்டைப் பயத்தில் நானே தின்றேன். கோடு நகர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நிமிடத்தில் திரை உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுந்தது.

கெமிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருங்க இருங்க," என்றார் ஆபரேட்டர். "இவங்க இன்னும் பேசி முடிக்கலை."

ஐந்து. ஆறு. ஏழாவது நிமிடம் வந்தது, போனது. தரை. தேங்காயின் நிழல்கூட இல்லை. பிறகு பதினைந்தாவது நிமிடத்திலிருந்து மேடு மேல் மேடு, மேடு மேல் மேடு. மெழுகு, கொழுப்பு, இன்னும் என்னென்னவோ.

"இது குடும்பத்தோட பயணம் பண்ற ஆமணக்கு," என்றார் அண்ணி. "பெட்டி படுக்கையோட பதினஞ்சு பேர். நம்ம பாட்டில்ல இருக்கிறது ஜோடி. ஆமணக்கும் தேங்காயும் மட்டும். இது வேற ஆளு."

கெமிஸ்ட் கண்ணைத் திறந்தாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. அண்ணி பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

* * *

இரண்டரை. ஒரே ஒரு சாம்பிள் பாக்கி. சாம்பிளைத்தான் காணோம்.

படிக்கட்டில் அண்ணி மேல்படியிலும் நான் இரண்டு படி கீழேயும் உட்கார்ந்தோம்.

"டைரக்டர் என்ன சொன்னார், சொல்லு."

"ஆமணக்கெண்ணெய்க்கு மீசை வரைக்கும் ஏன் போறீங்கன்னு."

"நான் ஆமணக்குன்னு சொன்னேனா?"

யோசித்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "நீங்க மேடுன்னுதான் சொன்னீங்க!"

"ரிப்போர்ட்ல இரைச்சல்னு எழுதினவர், வராந்தால நின்னு அதுக்குப் பேர் சொல்றார். அது ஆமணக்குன்னு அவருக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சேதான் மறைச்சிருக்கார்."

"சரி, ஆனா எங்கே இருந்து? ஆமணக்கும் தேங்காயும் கலந்தா அது தலைக்கு வைக்கிற எண்ணெய் அண்ணி. அவர் தலைதான் ஏர்போர்ட் மாதிரி இருக்கே. அவருக்கு எதுக்கு..."

அண்ணி குனிந்தார். என் பின்தலையருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். அந்தப் படிக்கட்டில் யாராவது வந்திருந்தால் எங்கள் குடும்ப மானம் அன்றைக்கே கப்பலேறியிருக்கும்.

"நீ தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறே?"

"நான் எண்ணெயே வைக்கிறதில்ல அண்ணி. உங்க தங்கச்சிக்கு தலையணை உறை அழுக்காகும்னு பயம்." என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் அழைப்பார்.

"அப்ப உன் பிடரில மணக்குறது என்ன?"

கையைப் பின்னால் கொண்டுபோனேன். பிசுபிசுவென்று இருந்தது. காலையிலிருந்து நான் தலை சாய்த்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

"அந்த நாற்காலி!" என்று கத்தினேன்.

"முடி இருக்கிறவன் எண்ணெய் வைக்கிறது பழக்கம்," என்றார் அண்ணி, எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு. "முடி இல்லாதவன் வைக்கிறது நம்பிக்கை."

டைரக்டர் அறைக்கு ஓடினோம். உள்ளே அவர் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். தலையும் நாற்காலியும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. வெளியே எடுக்க வழியில்லை.

அண்ணி என்னைப் பார்த்தார். என்னை என்றால் என் முகத்தை அல்ல.

"வேண்டாம் அண்ணி."

"திரும்பு."

ஆபரேட்டர் பஞ்சை எடுத்தார். மூன்றாவது குழாயில் அவர் ஒட்டிய சீட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. 'சாம்பிள் 3: கொழுந்தன், பிடரி.'

* * *

நாலு மணி. இயந்திரம் இருந்த அறையை ஒட்டிய கூடத்தில் கமிட்டி உட்கார்ந்தது. தலைவி நெட்டையான அம்மாள், சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடி. இரண்டு பக்கமும் இரண்டு பேர், தலையாட்டுவதற்கு. மேஜை மேல் ரத்து உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. தலைவி பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"ஒரு ஏழு நிமிஷம் கொடுங்க மேடம்," என்றார் அண்ணி.

"எதுக்கு?"

"நாலுல ஒருத்தர் இறங்கணும். ஏழுல ஒருத்தர் இறங்கணும்."

தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணியின் குரலில் அந்தப் பழைய பரிசோதகர் இருந்தார். அந்தக் குரலுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள்கூடப் பையைத் துழாவுவார்கள். பேனா மேஜைக்கு இறங்கியது.

ஆபரேட்டர் ஊசியை அழுத்தினார். சுவர்த்திரையில் கோடு ஓட ஆரம்பித்தது.  இரண்டு. மூன்று. நாலு.

மேடு.

மில் முதலாளி மீசையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து. ஆறு. ஏழு.

மேடு!

நான் என்னையறியாமல் விசிலடித்துவிட்டேன். தலைவி முறைத்தார். அண்ணி இரண்டாவது பாட்டிலின் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். பெரியதற்கும் சிறியதற்கும் அதே கணக்கு. ஜோடிக்கு ஜோடி அச்சு அசல்.

"இந்த மூணாவது சாம்பிள் யாரோடது?" என்றார் தலைவி.

"டைரக்டர் தலையோடது. என் கொழுந்தன் தலை வழியா வந்தது."

நாற்காலிக் கதையைச் சொன்னதும் டைரக்டர் மேஜையைத் தட்டினார். "என்ன கூத்து இது? அந்த ஆளே தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வந்திருப்பான்!"

தலைவி எழுந்தார். விடுவிடுவென்று டைரக்டர் அறைக்குப் போனார். அரை நிமிடத்தில் திரும்பி வந்தார், ஒற்றை விரலை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு.

"ஆமணக்கு," என்றார். "எங்க வீட்டுக்காரரும் வைக்கிறார். ஒண்ணும் முளைக்கலை."

டைரக்டரின் முகம் சிவந்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே நொடியில் கட்சி மாறினார். "சரி, வைக்கிறேன். அது குத்தமா? நான் டைரக்டர். நாள் முழுக்க எல்லாத்தையும் தொடுறேன். என் கைல இருந்து பாட்டிலுக்குப் போயிருக்கும். அதனால என்ன?"

எனக்குத் திக்கென்றது. நியாயமாகத்தானே பேசுகிறார்!

அண்ணி மட்டும் அகமகிழ்ந்து சிரித்தார். "பாட்டிலை விரலால கூடத் தொடலைன்னு காலைல சொன்னீங்க. ரிப்போர்ட்லயும் எழுதியிருக்கீங்க. நாலாம் பக்கம். கேமராலயும் நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். அப்ப சீல் உடைக்கிறதுக்கு முன்னாடியே உங்க தலை எண்ணெய் உள்ளே போயாச்சு. சீல் வைக்கிற முத்திரை யார் மேஜைல இருக்கு சார்?"

 எல்லோரும் ஒருவரைத்தான் பார்த்தார்கள்.

"பாட்டிலைத் திறந்தீங்க. கலப்பட எண்ணெயைக் கொட்டிட்டு, கரைப்பான் ஊத்திக் கழுவிட்டு, சுத்தமான கடலை எண்ணெயை ஊத்தினீங்க. கையுறையெல்லாம் ஒழுங்கா போட்டீங்க, பெரிய கெமிஸ்டாச்சே. ஆனா மூடியைத் தேட உங்களுக்கு எப்பவுமே பொறுமை கிடையாது. கழுவுறப்ப வாயைக் கட்டைவிரலால பொத்திக் குலுக்கினீங்க. கையுறை போட்டா கைரேகை படாது சார். ஆனா நடுவுல பதட்டமாகி, அதே கையுறையோட..."

டைரக்டரின் வலது கை அந்த நேரம் தலையை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அப்படியே அந்தரத்தில் நின்றது. ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அது தவித்த தவிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இதெல்லாம் கற்பனை," என்றார், கையை இறக்காமல். "முன்னப்பின்ன தெரியாத ஒரு மில்காரருக்காக நான் ஏன்..."

"முன்னப்பின்ன தெரியாதவனா?" மில் முதலாளி துள்ளி எழுந்தார். "என்ன சம்பந்தி இப்படிப் பேசுறீங்க? ஒரு மயிரும் ஆகாது, எல்லாம் நான் பார்த்துக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க! நிச்சயத்துக்கு மண்டபம் பிடிச்சது நானு!"

 தலைவியின் வலப்பக்கத்துத் தலையாட்டி களுக்கென்று சிரித்தார். மீசை மெதுவாகத் தன் இடத்தில் உட்கார்ந்தது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அதற்கு எட்டியிருக்க வேண்டும்.

தலைவி ரத்து உத்தரவை ஓரமாகத் தள்ளினார். மூன்று தாள்களையும் கெமிஸ்டின் பக்கம் நகர்த்திப் பேனாவை நீட்டினார். "உங்க முதல் ரிப்போர்ட் நிக்குதும்மா. இந்த மூணையும் சரிபார்த்ததா கையெழுத்துப் போட்டுடுங்க. இப்பவே முடிச்சுடலாம்."

நான் கைதட்டக் கையை உயர்த்தினேன். கெமிஸ்ட் பேனாவை வாங்கினாள். முதல் தாளில் போட்டாள். இரண்டாவதில் போட்டாள். மூன்றாவது தாளைப் பார்த்தாள்.

பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டாள்.

"இதுல போட மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"இவர் எண்ணெய் வைக்கிறதில்லைன்னு இவர்தான் சொல்றார். அது வாய்வார்த்தை. அதே மாதிரிப் புதுப் பஞ்சால, நாற்காலி படாத இடத்துல தொட்டுத் தனியா ஓட்டிப் பார்க்கணும். அதுல அந்த ஜோடி வந்துட்டா இந்தத் தாளுக்கு மதிப்பே இல்ல."

"அவங்க சம்பந்தியே ஒத்துக்கிட்டாரேம்மா!"

"அது அவர் சொன்னது. இது நான் போடுற கையெழுத்து."

டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் நப்பாசை எட்டிப் பார்த்தது. எனக்கோ இந்தப் பெண் கைக்கு வந்ததை இப்படித் தட்டிவிடுகிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னைத் தூக்கிவாரிப் போட்ட இன்னொன்றும் இருந்தது. காலையில் என் மனைவி குழந்தைக்குத் தலை சீவிவிட்டு, அதே கையால் என் முன்முடியையும் ஒரு தரம் ஒதுக்கிவிட்டாள். அந்தக் கையில் என்ன இருந்தது?

"முன்பக்கம் காட்டு," என்றார் அண்ணி. காட்டினேன்.

ஆபரேட்டர் தன் இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாலாவது குழாயை எடுத்தார். ஒன்றேகால் மணி நேரம். கூடத்தை விட்டு யாரும் நகரக்கூடாது என்று தலைவி உத்தரவு போட்டுவிட்டார். சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு, என் தலையைச் சுத்தமாக வைத்திருக்கும்படி வேண்டினேன்.

ஐந்தேகாலுக்குக் கோடு ஓட ஆரம்பித்தது. மூன்று. நாலு. தரை. ஐந்து. ஆறு. ஏழு. சிமென்ட் போட்ட மாதிரித் தரை.

"ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன். "என் தலைல ஒண்ணுமே இல்ல!"

"வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்," என்றார் அண்ணி.

கெமிஸ்ட் சிரிக்கவில்லை. கோடு கடைசி வரை ஓடி முடியட்டும் என்று காத்திருந்தாள். பிற்பாதியில், மனிதத் தோலுக்கு உரிய மேடுகள் வழக்கமான இடத்தில் வந்து போயின. அவள் தாளை வாங்கி, அளவுகோலை வைத்து, இரண்டு இடத்திலும் கோடு தரையை விட்டு எழவில்லை என்று பார்த்தாள். பிறகு மூன்றாவது தாளிலும் நாலாவது தாளிலும் பெயரை எழுதி, தேதி போட்டு, நேரம் போட்டுக் கையெழுத்திட்டாள். 

தலைவி எழுந்து நின்றுதான் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டார்.

கெமிஸ்ட் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தி மூன்றாவது முறைதான் கிடைத்தது.

"என்னங்க, நாளைக்கு என்னைச் சீக்கிரம் எழுப்பி விட்டுடுங்க," என்றாள். "எட்டு மணிக்கு லேப்ல இருக்கணும்." எதிர்முனையில் என்ன கேட்டார்களோ தெரியவில்லை. "ஆமாங்க, என் லேப்லதான்," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், கீழ்த்தளத்து வாட்ச்மேன் என்னவோ ஏதோவென்று படியேறி ஓடி வந்துவிட்டார்.